டயட் இருக்கும்போது எடை ஏன் ஏறி இறங்குகிறது? எடை மெஷினைப் படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

"ஏனுங்க, ஒரு வாரமா ராத்திரிக்கு ரெண்டே சப்பாத்தி. காலையில ஒரு மணி நேரம் நடை. இன்னைக்கு ஏறி நின்னா எண்ணூறு கிராம் கூடியிருக்குதுங்க. அப்புறம் எதுக்குங்க நடக்கறது?"

ஈரோடு வ.உ.சி. மைதானத்தில் என்னோடு நடக்கிறவர்களில் யாராவது ஒருவர் மாதத்துக்கு ஒரு தடவை இப்படிக் கேட்டுவிடுவார். கேட்டவர்களில் பாதிப் பேர் அடுத்த வாரம் மைதானத்துப் பக்கமே வருவதில்லை. கொழுப்பு குறைந்துகொண்டுதான் இருந்திருக்கும். எண்ணைப் படிக்கத் தெரியாமல் விட்டுவிட்டார்கள். நானும் இரண்டு முறை அப்படி விட்டவன்தான். மூன்றாவது முறைதான் 86 கிலோவிலிருந்து 74க்கு வந்தேன், பதினான்கு மாதம் பிடித்தது.

பல வருஷம் மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதியிருக்கிறேன். சரியாகக் காயாத மஞ்சள் மூட்டை எடை கூடத்தான் நிற்கும். அதற்காக எந்த வியாபாரியும் சரக்கு கூடிவிட்டது என்று பணம் கொடுக்க மாட்டார். ஒரு விரலி மஞ்சளை எடுத்து, நன்றாகக் காய்ந்திருக்கிறதா என்று ஒடித்துப் பார்ப்பார். உடம்பும் அதே கதைதான். 80 கிலோ எடையுள்ள ஓர் ஆணின் உடம்பில் ஏறத்தாழ 48 கிலோ தண்ணீர். பெண்களுக்கு உடல் எடையில் பாதிக்குச் சற்று மேல். மெஷின் காட்டும் எண்ணில் இந்த ஈரமும் அடக்கம்.

எது ஈரம், எது சரக்கு என்று பிரித்துப் பார்க்கும் வேலையைக் கீழே படிப்படியாகச் சொல்கிறேன். வரிசையை மாற்ற வேண்டாம். முக்கியமாக 3ஆம் படியைத் தாண்டிக் குதிக்காதீர்கள். எனக்குத் தெரிந்து குழப்பம் எல்லாம் அதைச் செய்யாமல் விட்டதில்தான் ஆரம்பித்திருக்கிறது.

தொடங்கும் முன் வேண்டியவை

ஒரு டிஜிட்டல் எடை மெஷின், ஒரு நோட்டு, தையல்காரர் வைத்திருக்கும் டேப், 5 கிலோ அரிசிப் பை ஒன்று. அவ்வளவுதான்.

கொழுப்புச் சதவீதம் காட்டும் மெஷினுக்குக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. அது பாதத்தின் வழியே லேசான மின்சாரத்தை அனுப்பி, உடம்பில் இருக்கும் தண்ணீரை வைத்துக் கொழுப்பைக் கணக்குப் போடுகிறது. தண்ணீர் ஆடினால் அந்தச் சதவீதமும் ஆடும். ஒரு ஆட்டத்தைப் புரிந்துகொள்ள இன்னொரு ஆட்டம் உதவாது.

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், இதயம் அல்லது சிறுநீரகத் தொந்தரவு உள்ளவர்கள், கர்ப்பிணிகள் சாப்பாட்டில் கை வைப்பதற்கு முன் உங்கள் டாக்டரிடம் பேசிவிடுங்கள். நீங்கள் முதலில் 9ஆம் படியைப் படித்துவிட்டு வரலாம்.

1. மெஷினைச் சோதியுங்கள்

மெஷினைச் சமமான, கெட்டியான தரையில் வையுங்கள். பாய், கார்ப்பெட், கல் பாவிய வாசல் எல்லாம் ஆகாது. மெஷினின் நான்கு கால்களும் தரையில் முழுதாக அழுந்தினால்தான் உள்ளே இருக்கும் உணரிகளுக்கு எடை சரியாகப் போகும்.

அடுத்தடுத்து மூன்று தடவை ஏறி இறங்குங்கள். மூன்றும் 100 அல்லது 200 கிராமுக்குள் இருக்க வேண்டும். அப்புறம் அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு ஏறுங்கள். எண் 5 கிலோ கூட வேண்டும். பையை மட்டும் மெஷினில் வைத்துப் பார்ப்பது சரிவராது; ஆள் நிற்பதற்காகச் செய்த மெஷின் சின்ன எடையைச் சரியாகக் காட்டாது.

இடத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டால் மெஷினை நகர்த்தாதீர்கள். எங்கள் வீட்டில் தரை கழுவும்போது தூக்கிச் சுவரோரம் சாய்த்து வைப்பார்கள். திரும்ப வைத்ததும் முதல் எடை 600 கிராம் தள்ளி வரும். நகர்த்திய மெஷினில் முதல் தடவை ஏறி இறங்கி, இரண்டாவது எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். பேட்டரி தீரும் சமயத்திலும் இதே வேடிக்கை நடக்கும்.

இன்று வீட்டு மெஷின், நாளை ஜிம் மெஷின், அடுத்து பஸ் ஸ்டாண்டில் காசு போடும் மெஷின் என்று மாற்றி மாற்றிப் பார்ப்பவர்கள் உண்டு. மூன்று மெஷினுக்கும் மூன்று கணக்கு. ஒன்றையே பிடித்துக்கொள்ளுங்கள், அது ஒரு கிலோ கூடக் காட்டினாலும் பரவாயில்லை. நமக்கு வேண்டியது வித்தியாசம்தான்.

2. ஒரே நேரம், ஒரே நிலை

காலையில் எழுந்து, கழிவறை போய்வந்து, காபி குடிப்பதற்கு முன், ஒரே மாதிரி மெல்லிய உடையில் ஏறுங்கள். நடைக்குப் போவதற்கு முன்னால். வந்த பிறகு அல்ல.

காரணம் எளிது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. ஒரு டம்ளர் குடித்தால் 200 கிராம் அந்த நொடியே ஏறிவிடும். ஒரு தட்டுச் சாப்பாடு அரைக் கிலோ. ராத்திரி படுக்கப் போகும்போது இருந்த எடை, காலையில் அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை குறைந்திருக்கும். மூச்சிலும் வேர்வையிலும் போனதுபோக மீதி சிறுநீரில் போயிருக்கும். ஆகவே ராத்திரி எடையையும் காலை எடையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் அர்த்தமே இல்லை.

சித்திரை வெயிலில் ஒரு மணி நேரம் வேகமாக நடந்துவிட்டு வந்து ஏறினால் 700 கிராம் குறைந்து நிற்கும். ஒரு நண்பர் அதைக் கண்டு, மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். வேர்வை நன்றாகக் கொட்டியது, எடையும் 'குறைந்தது'. ஒரு சொம்பு மோர் குடித்ததும் திரும்பி வந்துவிட்டது. ஒரு நாள் மைதானத்திலேயே தலைசுற்றி உட்கார்ந்த பிறகுதான் அந்தக் கோட்டைக் கழற்றினார். வேர்வையில் போனதைக் குடித்துத்தான் ஆக வேண்டும். எண்ணுக்குப் பயந்து தண்ணீரைக் குறைக்காதீர்கள்.

3. முதல் 14 நாள் எதையும் மாற்றாதீர்கள்

இதைச் சொன்னால் யாருக்கும் பிடிக்காது. திங்கட்கிழமை முதல் டயட் என்று முடிவு செய்தவரிடம் போய் இரண்டு வாரம் பொறுங்கள் என்றால் கோபம்தான் வரும். ஆனாலும் செய்யுங்கள். வழக்கம்போலச் சாப்பிடுங்கள், வழக்கம்போல இருங்கள், தினமும் காலையில் எடையை மட்டும் எழுதுங்கள்.

பதினான்காம் நாள், எழுதியதில் மிகக் கூடியதையும் மிகக் குறைந்ததையும் வட்டமிடுங்கள். இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் உங்கள் உடம்பின் இயல்பான ஆட்டம். எனக்கு அது 1.4 கிலோ வந்தது. எங்கள் மாமாவுக்கு 0.9. அக்கா மகளுக்கு 1.9. மூவருமே அந்த இரண்டு வாரத்தில் எதையும் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

இந்த எண் கையில் இருந்தால் மனசு நிதானப்படும். என் ஆட்டமே 1.4 கிலோ என்று தெரிந்த பிறகு, ஒரு காலை 800 கிராம் ஏறினால் எனக்கு அது செய்தியே கிடையாது.

இன்னொரு கணக்கையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு கிலோ உடல் கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி இருக்கிறது. வாரம் அரைக் கிலோ குறைய, தினமும் 550 கலோரி குறைவாக உண்ண வேண்டும். அப்படி ஒழுங்காக இருந்தாலும் ஒரு நாளில் கரைவது 70 கிராம்தான். பெரும்பாலான வீட்டு மெஷின்கள் 100 கிராம் படியில் எண்ணைக் காட்டுகின்றன. நேற்று நீங்கள் பட்ட பாடு முழுவதும் மெஷினின் ஒரு படிக்குக்கூட எட்டாது; அதற்கு மேல் ஒன்றரைக் கிலோ ஈரம் அலைமோதுகிறது. ஒரே நாளில் பலன் தெரிய வேண்டும் என்றால் எப்படித் தெரியும்?

இந்தப் படியை விட்டவர்கள் செய்யும் தவறு இரண்டு. ஒன்று, பொங்கல் மூன்று நாளும் முடிந்த மறுநாள் டயட் தொடங்குவது. அன்றைக்கு எடை ஏற்கனவே உப்பிப்போய் இருக்கும். நான்கே நாளில் இரண்டு கிலோ குறையும், மாதத்துக்குப் பத்துக் கிலோ என்று மனக்கணக்கு ஓடும், இரண்டாவது வாரம் எல்லாம் நின்றுவிடும். மற்றொன்று இதற்கு நேர்மாறு: காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்து எடை இறங்கியிருக்கும் சமயத்தில், 'சரி, இப்படியே பிடித்துக்கொள்வோம்' என்று தொடங்குவது. உடம்பு தேறத் தேற, பட்டினி கிடந்தும் எடை ஏறும்.

4. எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு வார்த்தை எழுதுங்கள்

வெறும் எண் ஒரு மாதம் கழித்து எதையும் சொல்லாது. முந்தின நாள் வழக்கத்துக்கு மாறாக என்ன நடந்தது என்பதை இரண்டு மூன்று சொல்லில் பக்கத்தில் எழுதுங்கள். என் நோட்டில் இருப்பவை: 'கெடா விருந்து', 'தூக்கம் இல்லை', 'இரண்டு நாளாக வயிறு போகவில்லை', 'கால் பயிற்சி', 'சேலம் பஸ், ராத்திரி 11க்குச் சாப்பாடு'.

நீங்கள் எழுதுவது தீர்ப்பு அல்ல, நடந்தது மட்டும். 'நேற்று ஒழுக்கம் கெட்டுவிட்டேன்' என்று எழுதியிருந்தார் ஒருவர். அதை வைத்து என்ன கண்டுபிடிக்க முடியும்? 'பள்ளிபாளையம் சிக்கன், இரண்டு பரோட்டா' என்றால் மறுநாள் ஏறிய எடையின் காரணம் தெரியும்.

5. ஏற்றத்தின் காரணத்தை அடையாளம் காணுங்கள்

எடை ஏறியதும் சாப்பாட்டைக் குறைக்கப் போவதற்கு முன், பக்கத்தில் எழுதிய சொல்லைப் பார்த்து இந்த வரிசையில் யோசியுங்கள். அடிக்கடி வருகிற காரணம் முதலில்.

*உப்பு.* ஆஸ்பத்திரியில் ஏற்றும் சலைன் பாட்டில் நினைவிருக்கிறதா? ஒரு லிட்டரில் 9 கிராம் உப்பு. நம் ரத்தத்தின் உப்புச் செறிவுக்கு ஏற்றபடி கலந்தது. உடம்பு அந்தச் செறிவைக் காப்பாற்றப் பார்க்கிறது. நீங்கள் வழக்கத்தைவிட நாலரைக் கிராம் உப்பு கூடச் சாப்பிட்டால், அதைக் கரைத்துவைக்க அரை லிட்டர் தண்ணீரைப் பிடித்துவைக்கும். சிறுநீரகம் அதை வெளியேற்ற ஒன்றிரண்டு நாள் எடுத்துக்கொள்ளும்.

நாள் ஒன்றுக்கு 5 கிராமுக்குள் உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கல்யாணப் பந்தியில் ஊறுகாய், அப்பளம், வறுவல், மோர்மிளகாய் என்று இலையைச் சுற்றி வந்தால் ஒரே வேளையில் அதைத் தாண்டிவிடலாம். விருந்துக்கு மறுநாள் மோதிரம் இறுக்குவதும் காலில் சாக்ஸ் தடம் பதிவதும் இதனால்தான்.

*அரிசி, சர்க்கரை, மாவு.* சோறும் இட்லியும் உடைந்து வரும் குளுக்கோஸில் ஒரு பகுதியைக் கல்லீரலும் தசைகளும் கிளைக்கோஜன் என்ற வடிவில் சேமித்துவைக்கின்றன. சராசரியாகக் கல்லீரலில் 100 கிராம், தசைகளில் 400 கிராம் அளவுக்கு நிற்கும். ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனோடும் ஏறக்குறைய 3 கிராம் தண்ணீர் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆக, இந்தக் கிடங்கு நிறைந்திருக்கும்போதும் காலியாகும்போதும் இரண்டு கிலோ வரை வித்தியாசம் வரலாம்.

சோற்றை நிறுத்திவிட்டு முட்டையும் கொள்ளும் கீரையுமாக மாறியவர்களுக்கு முதல் வாரமே இரண்டு கிலோ இறங்குவது இதனால்தான். ஊரெல்லாம் சொல்லிவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை மாமியார் வீட்டில் தேங்காய்ப் பாலோடு சந்தகை (எங்கள் பக்கத்து இடியாப்பம்), சாயங்காலம் இரண்டு ஒப்பிட்டு (போளி). செவ்வாய்க்கிழமை பார்த்தால் ஒன்றரைக் கிலோ திரும்பி வந்திருக்கும். போனதும் தண்ணீர், வந்ததும் தண்ணீர். முதல் வார இறக்கத்துக்கு ஆடாதவர், இந்த ஏற்றத்துக்கு அழவும் வேண்டியதில்லை.

ஒரே ராத்திரியில் ஒன்றரைக் கிலோ கொழுப்பு ஏற வேண்டுமென்றால், உங்கள் தேவைக்கு மேல் பதினோராயிரம் கலோரிக்குப் பக்கமாகச் சாப்பிட்டிருக்க வேண்டும். எந்தப் பந்தியிலும் அது நடக்காது.

*வயிற்றில் இருப்பது.* கம்பு, ராகி, கீரை, காய் என்று நார்ச்சத்துக்கு மாறினால் குடலில் தங்கும் அளவும், அது பிடித்துவைக்கும் நீரும் முதல் சில நாள் கூடும். தண்ணீர் போதாமல் மலச்சிக்கல் வந்தால் கேட்கவே வேண்டாம். நல்ல சாப்பாட்டுக்கு மாறிய வாரத்தில் எடை அசையாமல் நிற்பது இப்படித்தான்.

*புதிய உடற்பயிற்சி.* இதுதான் அதிகம் பேரை ஏமாற்றுகிறது. பழகாத தசைக்கு வேலை கொடுத்தால் அதன் இழைகளில் நுண்ணிய சேதம் உண்டாகி, அதைச் சரிசெய்ய உடம்பு அங்கே நீரைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. வலி பொதுவாக 24 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போகும். எடையும் கூடவே ஏறி நிற்கும். தொடர்ந்து பயிற்சி செய்யத் தொடங்கினால் ரத்தத்தின் நீர்ப்பகுதியும் முதல் இரண்டு வாரத்தில் கூடுகிறது. ஜிம்மில் கிரியேட்டின் பொடி கலந்து குடிக்கும் பையன்களுக்கு ஒன்றிரண்டு கிலோ ஏறுவதும் பெரும்பாலும் தசைக்குள் போகும் தண்ணீர்தான்.

தைப்பூசத்துக்கு எங்கள் குழுவிலிருந்து ஒருவர் பழனிக்குப் பாதயாத்திரை போனார். காங்கயம், தாராபுரம் வழியாக நூறு கிலோமீட்டருக்கு மேல். திரும்பிவந்து மெஷினில் ஏறினால் போனதைவிட 1.6 கிலோ கூட. "முருகன் எடையைக் கூட்டி அனுப்பிட்டாருங்க" என்று சிரித்தாலும் முகத்தில் வருத்தம் தெரிந்தது. காலைப் பார்த்தேன். கணுக்கால் எலும்பே தெரியவில்லை, விரலால் அமுக்கினால் குழி விழுந்தது. வழியெல்லாம் அன்னதானச் சோறு, புளிசாதம், ஊறுகாய் வேறு. ஐந்து நாள் எதுவும் செய்ய வேண்டாம், ராத்திரி காலைத் தலையணை மேல் உயர்த்தி வைத்துப் படுங்கள் என்றேன். ஆறாம் நாள் போனதைவிட 700 கிராம் குறைவாக நின்றது.

*மாதவிடாய்.* இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது அக்கா மகள். "மாமா, நீங்க சொல்றதெல்லாம் ஆம்பளைங்களுக்குத்தான் சரியா வருதுங்க" என்று இரண்டு மாத நோட்டைக் கொண்டுவந்து போட்டாள். விலக்காவதற்கு நான்கைந்து நாள் முன்பிருந்து எடை ஏறி, ஆன மூன்றாவது நாள் சடசடவென இறங்கியிருந்தது. இரண்டு மாதமும் அதே அச்சு. ஹார்மோன் மாற்றத்தால் உடம்பு நீரைப் பிடித்துவைக்கும் நாட்கள் அவை. அரைக் கிலோவிலிருந்து இரண்டு கிலோ வரைகூட ஏறலாம்; சிலருக்கு ஒன்றுமே தெரியாது.

ஆகவே பெண்கள் இந்த வாரத்தைப் போன வாரத்தோடு ஒப்பிடுவதைவிட, இந்தச் சுழற்சியின் ஏழாம் நாளைப் போன சுழற்சியின் ஏழாம் நாளோடு ஒப்பிடுவது நல்லது. அவள் நோட்டில் விலக்கான தேதியைச் சிவப்பு மையில் குறித்திருக்கிறாள். அதற்குப் பிறகு எனக்கு அவள் நோட்டு என் நோட்டைவிடத் தெளிவாகப் புரிகிறது.

தூக்கக் குறைவு, நீண்ட பஸ் பயணம், நேரங்கெட்ட நேரத்துச் சாப்பாடு இவையும் எடையை ஓரிரு நாள் தூக்கும். தானாக இறங்கிவிடும்.

6. வாரச் சராசரியை மட்டும் ஒப்பிடுங்கள்

ஏழு நாள் எண்ணையும் கூட்டி ஏழால் வகுங்கள். கொஞ்சம் ஏறியதும் கொஞ்சம் இறங்கியதும் ஒன்றையொன்று தின்றுவிட, அடியில் இருக்கும் சரக்கு தெரியவரும். என் நோட்டிலிருந்து இரண்டு வாரம், திங்கள் முதல் ஞாயிறு வரை:

முதல் வாரம்: 78.4, 78.1, 78.9, 78.3, 78.0, 77.8, 78.2. கூட்டினால் 547.7. சராசரி 78.24.

இரண்டாம் வாரம்: 79.3, 78.8, 78.0, 77.6, 77.5, 77.2, 77.4. கூட்டினால் 545.8. சராசரி 77.97.

இரண்டாம் வாரத்துத் திங்கள் 79.3 என்பது பெருந்துறையில் ஒரு கல்யாணத்துக்குப் போய்வந்த மறுநாள். வாரத்துக்கு ஒரு நாள், திங்கட்கிழமை மட்டும் எடை பார்ப்பவனாக நான் இருந்திருந்தால், என் கணக்கில் 900 கிராம் ஏற்றம். சராசரியிலோ 270 கிராம் இறக்கம். பழைய இரண்டு முயற்சியிலும் நான் திங்கட்கிழமை மட்டும் பார்ப்பவன். ஞாயிற்றுக்கிழமை விருந்து நடக்கும் ஊரில் திங்கட்கிழமை எடை பார்ப்பது எவ்வளவு முட்டாள்தனம் என்று அப்போது உறைக்கவில்லை.

ஒரு நாள் விட்டுப்போனால் ஆறால் வகுங்கள். விட்டுப்போன நாளுக்கு ஊகித்து எழுதாதீர்கள். விருந்துக்கு மறுநாள் ஏறாமல் நழுவுவதும் வேண்டாம். ஏறிய நாட்களை விட்டு இறங்கிய நாட்களை மட்டும் எழுதினால் சராசரி உங்களையே ஏமாற்றும்.

தினமும் எண்ணைப் பார்ப்பது எல்லாருக்கும் ஒத்துவராது. காலை எண் அன்றைய நாளையே கெடுக்கிறது, சாப்பிடவே பயமாக இருக்கிறது என்றால் தினசரி எடையை நிறுத்திவிட்டு அடுத்த படியில் சொல்லும் டேப்பை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பயம் விடாமல் தொடர்ந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

7. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை டேப்

கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, சாதாரணமாக மூச்சை விட்ட நிலையில் டேப்பைச் சுற்றுங்கள். வயிற்றை உள்ளே இழுக்காதீர்கள். இரண்டு தடவை அளந்து சராசரி எடுங்கள்.

எடை நின்றுபோய் இடுப்பு மட்டும் குறையும் வாரங்கள் வரும். பயிற்சியால் தசை நீரைப் பிடித்துவைக்க, கொழுப்பு அடியில் கரைந்துகொண்டிருக்கும் நேரம் அது. நம்மூர் ஆண்களுக்கு டேப் இன்னும் அவசியம். வேட்டி எவ்வளவு பெரிய இடுப்புக்கும் இடம் கொடுத்துவிடும், பேண்ட் மாதிரி இறுக்கிக் காட்டாது. சேலைக்கும் அதே குணம். இந்தியர்களுக்கு ஆண் என்றால் 90 சென்டிமீட்டர், பெண் என்றால் 80 சென்டிமீட்டர் என்பது எச்சரிக்கைக் கோடு.

8. நான்கு வாரம் அசையாவிட்டால் மட்டும் மாற்றுங்கள்

மூன்று நாள் எடை நின்றதும் சோற்றைப் பாதியாக்கி, ஏழாம் நாள் பசி தாங்காமல் இரட்டிப்பாகச் சாப்பிடுவது நான் அதிகம் பார்த்த விபத்து. நான்கு வாரச் சராசரியும் ஒரே இடத்தில் நின்று, இடுப்பும் குறையவில்லை என்றால்தான் அதை நிஜமான தேக்கம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

அப்போதும் முதலில் பார்க்க வேண்டியது கணக்கில் வராமல் உள்ளே போகிறவற்றை. ஒரு மேசைக்கரண்டி கடலெண்ணெய் 120 கலோரி. ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம் நிலக்கடலை 170 கலோரி. இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்ட டீ நான்கு குடித்தால் சர்க்கரை மட்டுமே 160 கலோரி. எங்கள் மாமா இரண்டு மாதம் எடை குறையாமல் நின்றவர். சாப்பாட்டில் ஒரு குறையும் இல்லை. கடையில் உட்கார்ந்தபடி மத்தியானம் வறுத்த கடலையைக் கொறித்துக்கொண்டிருந்தார், "அதெல்லாம் சாப்பாடாடா?" என்று கேட்டார்.

ஒரு தடவைக்கு ஒன்றையே மாற்றுங்கள். இரண்டை மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. மாற்றிய பிறகு மறுபடி மூன்று வாரச் சராசரி பார்க்க வேண்டும். எடை குறையக் குறைய உடம்பு செலவழிக்கும் கலோரியும் குறைவதால், பழைய அளவுச் சாப்பாட்டில் வேகம் மட்டுப்படுவது இயல்பு.

9. எந்த ஏற்ற இறக்கத்துக்கு டாக்டரைப் பார்க்க வேண்டும்

இதயம் பலவீனமானவர்களுக்கும் சிறுநீரக நோயாளிகளுக்கும் நீர் எடை என்பது அலட்சியப்படுத்தும் விஷயம் அல்ல. ஒரே நாளில் ஒரு கிலோவுக்கு மேலோ, ஒரு வாரத்தில் இரண்டு கிலோவுக்கு மேலோ ஏறினால் அன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள். மூச்சு வாங்குவது, படுத்தால் மூச்சு முட்டுவது, கால் வீங்குவது கூட இருந்தால் காத்திருக்க வேண்டாம். நோய் எதுவும் இல்லை என்று நினைக்கிறவருக்கும் ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, முகமும் காலும் வீங்கிச் சிறுநீர் குறைந்தாலோ இதே விதி.

முயற்சியே இல்லாமல் ஆறு மாதம் ஒரு வருஷத்துக்குள் எடையில் 5 சதவீதம் போய்விட்டால், சந்தோஷப்படாமல் பரிசோதனைக்குப் போங்கள். சர்க்கரை நோய், தைராய்டு, காசநோய் என்று பல காரணம் இருக்கலாம்.

ஸ்டீராய்டு, இன்சுலின், சில மனநல மருந்துகள் எடையைக் கூட்டக்கூடியவை. எண்ணைப் பார்த்துவிட்டு மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். நீர் பிரியும் மாத்திரையை எடை குறைக்கப் பக்கத்து வீட்டில் வாங்கிப் போடுவதும் நடக்கிறது. உடம்பில் உப்புகளின் அளவு தாறுமாறாகி ஆபத்தில் முடியும்.

10. நிறுத்திய பிறகு மறுபடி 14 நாள்

இலக்கு எடைக்கு வந்து வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பும் வாரத்தில் ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ ஏறலாம். காலியாக இருந்த கிளைக்கோஜன் கிடங்கு நிறைகிறது, வயிற்றில் சாப்பாடு கூடுகிறது. 'பட்டதெல்லாம் வீண்' என்று பயந்து இந்த வாரத்தில்தான் பலர் மறுபடி பட்டினிக்குப் போகிறார்கள். 3ஆம் படியை இப்போது திரும்பச் செய்யுங்கள்: எதையும் மாற்றாமல் 14 நாள் எழுதி, சராசரியும் ஆட்டமும் எவ்வளவு என்று பாருங்கள். அதுதான் உங்கள் புது எடை.

நான் 74ஐத் தொட்டு நிறுத்தியபோது சராசரி 75.1இல் வந்து நின்றது. நோட்டின் உள்ளட்டையில் 75.1 என்றும், அதோடு என் ஆட்டமான 1.4ஐக் கூட்டி அதன் கீழே 76.5 என்றும் எழுதி வைத்திருக்கிறேன். ஒரு நாள் எடை 76.5ஐத் தாண்டினால் கண்டுகொள்வதில்லை. இரண்டு வாரச் சராசரி தாண்டினால் ராத்திரிச் சோற்றில் ஒரு கரண்டி குறையும்.